பொட்டாசியம் இறக்கும் பிசின் தூள்: மருந்துக்கு நல்ல மார்க், கடிகாரத்துக்குத்தான் திட்டு

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், மீதியைப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இதோடு கிளம்பலாம். சோடியம் பாலிஸ்டைரீன் சல்ஃபோனேட் என்று வாயில் நுழையாத பெயர் கொண்ட பிசின் தூள், இரத்தத்தில் ஏறிப்போன பொட்டாசியத்தை இறக்குகிறது. மெதுவாகத்தான், ஆனால் இறக்குகிறது. குடிப்பது கொஞ்சம் கஷ்டம். அதைவிடக் கஷ்டம், மற்ற மாத்திரைகளோடு மோதாமல் ஒரு நாளுக்குள் அதற்கு இடம் பிடித்துக் கொடுப்பது. ஐந்துக்கு மூன்றரை. குறைந்த அந்த ஒன்றரை எங்கே போனது என்பதுதான் கீழே வரப்போகும் புலம்பல்.

நாங்கள் இருப்பது இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில், அதன் தலைநகர் சேன்-தெனியில். மருந்து எனக்கில்லை, என் மாமியாருக்கு. அத்தை காரைக்கால்காரர், மகனோடு இருக்க இங்கே வந்து வருடங்கள் ஓடிவிட்டன, பிரெஞ்சு என்னவோ கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான். மருந்து டப்பாவோடு வரும் தாளோ முழுக்கப் பிரெஞ்சில், அதுவும் பொடி எழுத்தில். இந்தத் தீவின் பழைய தமிழ்க் குடும்பங்கள் வீட்டில் கிரியோல் பேசுகிறவர்கள், பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தவர்கள், அவர்களுக்கு அந்தத் தாள் ஒரு பொருட்டே இல்லை. புதுச்சேரி, காரைக்காலில் இருந்து பிற்பாடு வந்த நம்மாட்களின் அப்பா அம்மாக்களுக்குத்தான் பாடு. இங்கே சர்க்கரை நோயும் அதன் பின்னாலேயே வரும் சிறுநீரகக் கோளாறும் ஐரோப்பாவில் இருக்கும் பிரான்ஸைவிட அதிகம் என்பது ஊரறிந்த சங்கதி, ஆகவே இதே டப்பா இன்னும் பல சமையலறை அலமாரிகளில் உட்கார்ந்திருக்கும் என்று நினைத்து எழுதுகிறேன். நான் டாக்டரும் இல்லை, ஃபார்மசிக்காரியும் இல்லை. அளவைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் உங்கள் டாக்டர் வேலை.

பொட்டாசியம் லிட்டருக்கு 3.5-இல் இருந்து 5 மில்லிமோல் வரை இருந்தால் சரி. அத்தைக்கு 6-ஐத் தாண்டியிருந்தது. உடம்பில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, காலில் கொஞ்சம் சோர்வு என்றார், அதையும் வயசாகுதில்ல என்று அவரே தள்ளிவிட்டார். இதில் இருக்கும் வில்லங்கமே அதுதான். வலிக்காது, காய்ச்சல் வராது, ஆனால் அளவு ஏற ஏற இதயத் துடிப்பின் தாளம் கெடும். 6.5-ஐத் தொட்டுவிட்டால், அல்லது அதற்கு முன்பே இ.சி.ஜி.யில் மாற்றம் தெரிந்தால், ஆஸ்பத்திரிதான். அங்கே நரம்பு வழியாகக் கால்சியம், குளுக்கோஸோடு இன்சுலின் என்று வேறு வைத்தியம் நடக்கும். இந்தத் தூள் அந்த மாதிரி அவசரத்துக்கு ஆகவே ஆகாது, இது வேலையைக் காட்ட மணிக்கணக்காகும், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். நெஞ்சு தாறுமாறாக அடிக்கிறது, கை கால் தூக்க முடியவில்லை, மயக்கம் வருகிறது என்றால் கூடுதலாக ஒரு ஸ்பூன் கரைத்துக்கொண்டு நிற்காமல் இங்கே அவசர மருத்துவ எண்ணான 15-க்கு ஃபோன் போடுங்கள்.

ஏன் ஏறியது என்று தேடியதில் ஒரே ஒரு குற்றவாளி கிடைக்கவில்லை, ஒரு கூட்டமே இருந்தது. சிறுநீரகம் பலவீனமானால் பொட்டாசியம் வெளியேறாது, அது அடிப்படை. அதன்மேல் ராமிப்ரில் போன்ற இரத்த அழுத்த மாத்திரை, இதயத்துக்கென்று கொடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன், இரண்டுமே பொட்டாசியத்தை உடம்பில் பிடித்து வைக்கும். முட்டிவலிக்கு நாமே வாங்கிப் போட்டுக்கொள்ளும் ஐபுப்ரோஃபென், சிறுநீர்த் தொற்றுக்கு எழுதும் டிரைமெத்தோபிரிம் கலந்த மாத்திரை, இவையும் அதே கட்சி. எல்லாவற்றுக்கும் மேலாக, உப்பைக் குறைக்கச் சொன்னார்களே என்று அக்கறையோடு ஒரு உறவினர் வாங்கித் தந்த 'சோடியம் குறைந்த உப்பு'. அதில் சோடியத்துக்குப் பதில் போட்டிருந்தது பொட்டாசியம் குளோரைடு! சூப்பர் மார்க்கெட்டில் ஆரோக்கிய உணவு என்ற பலகைக்குக் கீழேதான் வைத்திருக்கிறார்கள், சிறுநீரகக்காரர்களுக்கு அது நேர் எதிரி.

இதைப் படித்துவிட்டு யாரும் ராமிப்ரிலைத் தாமாக நிறுத்திவிடாதீர்கள். சிறுநீரகத்தையும் இதயத்தையும் காப்பாற்றுவதற்காகத்தான் அதைக் கொடுக்கிறார்கள், அதை விடாமல் தொடர முடியட்டும் என்றுதான் சில பேருக்குப் பொட்டாசியம் இறக்கும் மருந்தையே சேர்க்கிறார்கள் என்று டாக்டர் விளக்கினார். அத்தைக்கு அதைத் தொடர்ந்தார்கள், ஸ்பைரோனோலாக்டோனை நிறுத்தினார்கள், ஐபுப்ரோஃபெனுக்குப் பதில் பாராசிட்டமால், அப்புறம் இந்தத் தூள்.

இப்போது சாமானுக்கு வருவோம். அரை கிலோவுக்குச் சற்றுக் குறைவான பிளாஸ்டிக் டப்பா, உள்ளே மங்கலான பழுப்பு நிறத்தில் மாவு போல நைசான தூள், 15 கிராம் பிடிக்கும் அளவு ஸ்பூன் ஒன்று. மூடியைத் திறந்தால் லேசாக வனிலா வாசனை. வனிலாவுக்குப் பேர் போன தீவில் உட்கார்ந்துகொண்டு இந்தச் செயற்கை வாசனையை முகர வேண்டியிருக்கிறதே என்று என் கணவருக்கு ஒரு வருத்தம். பார்த்தால் சத்துமாவு டப்பா என்றே நினைப்பீர்கள், அதனால் அதைச் சமையல் சாமான்களோடு வைக்காதீர்கள். வீட்டுக்கு வந்த பிள்ளைகள் எடுத்துப் பாலில் கலக்கிவிடும் அபாயம் நிஜமாகவே இருக்கிறது.

ஸ்பூனைத் தலைதட்டி அளக்க வேண்டும், குவித்து அள்ளக்கூடாது. ஒரு கிராம் தூளுக்கு 3-4 மில்லி தண்ணீர் என்பது கணக்கு, அதாவது 15 கிராமுக்கு 45-இல் இருந்து 60 மில்லி, ஒரு சின்ன காப்பி டம்ளர். கரையாது. எவ்வளவு கலக்கினாலும் கரையாது, மிதந்துகொண்டுதான் இருக்கும், வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால் அடியில் தங்கிவிடும். ஆகவே கலக்கிய கையோடு குடித்துவிட்டு, டம்ளரில் ஒட்டியதை இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கழுவி அதையும் குடிக்க வேண்டும். சுவை மோசமில்லை, லேசான இனிப்பு, ஆனால் வாயெல்லாம் நைசான மணல் ஒட்டிக்கொண்ட உணர்வு, அத்தை குடித்ததும் முதல் வேலையாக வாய் கொப்பளிக்க ஓடுவார். குளிர்ந்த தண்ணீரில் கலந்தால் கொஞ்சம் தேவலாம். சூடு மட்டும் கூடவே கூடாது, சூடு பட்டால் பிசினின் தன்மை மாறிவிடும், ஆகவே ரசத்தில் கலக்குகிறேன், காப்பியில் கலக்குகிறேன் என்ற யோசனைகளை விட்டுவிடுங்கள். ஆரஞ்சு ஜூஸிலும் கலக்கக்கூடாது, பொட்டாசியத்தை இறக்கும் மருந்தைப் பொட்டாசியத்திலேயே கலந்து குடித்த கதையாகிவிடும். காலையிலேயே மொத்தமாகக் கலந்து வைக்கும் வழக்கமும் வேண்டாம், குடிக்கும்போது புதிதாகக் கலக்குவதுதான் நல்லது.

இன்னொன்று, நிமிர்ந்து உட்கார்ந்து குடிக்க வேண்டும். படுத்த வாக்கில் வாயில் ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும், கரையாத தூள் அங்கே போனால் பெரிய ஆபத்து. விழுங்கவே சிரமப்படும் முதியவர்கள் என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

உள்ளே போய் என்ன செய்கிறது? பழைய புடவையை வாங்கிக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கும் தெருக்காரரின் வியாபாரம்தான். பிசினில் சோடியம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, குடலில், முக்கியமாகப் பெருங்குடலில், சோடியத்தை விட்டுவிட்டுப் பொட்டாசியத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிசின் இரத்தத்தில் சேர்வதில்லை, பிடித்த பொட்டாசியத்தோடு மலத்தில் வெளியேறிவிடுகிறது. ஒரு கிராம் தூள் ஏறத்தாழ ஒரு மில்லிமோல் பொட்டாசியத்தை எடுக்கும் என்பது பொதுவான கணக்கு. அமெரிக்காவில் இந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தது 1958-இல், அவ்வளவு பழசு. எளிமையான யோசனை, ஆனால் இதிலேயே இதன் மூன்று தொந்தரவுகளும் ஒளிந்திருக்கின்றன: பொட்டாசியத்தை மட்டும் பிடிக்காது, வெளியே வரக் குடல் ஒத்துழைக்க வேண்டும், விட்ட சோடியம் நம் உடம்புக்குள் போகும்.

முதல் தொந்தரவுதான் தலைப்பில் திட்டு வாங்கிய கடிகாரம். பிசின் கையில் கிடைத்த மற்ற மருந்துகளையும் பிடித்துக்கொள்ளும், பிடித்தால் அந்த மருந்து உடம்பில் சேராது. அதனால் வாய் வழியாகச் சாப்பிடும் எந்த மருந்துக்கும் இதற்கும் நடுவில், முன்னும் பின்னும், குறைந்தது 3 மணி நேரம் இடைவெளி வேண்டும். வயிறு மெதுவாகக் காலியாகும் கோளாறு உள்ளவர்களுக்கு 6 மணி நேரம், நாள்பட்ட சர்க்கரைக்காரர்களுக்கு இந்தக் கோளாறு வருவதுண்டு, அதனால் சாப்பிட்டது வயிற்றிலேயே நிற்கிறது, சீக்கிரம் வயிறு நிறைந்துவிடுகிறது என்று அவர்கள் சொன்னால் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த 3 மணி நேர விதியை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் தனி அறிவிப்பாகவே வெளியிட்டது, மருந்து வந்து அறுபது வருடம் ஆகப்போகும் நேரத்தில்.

முதலில் டப்பாவை வாங்கிய ஃபார்மசியில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மருத்துவக் காப்பீட்டு அட்டையான கார்த் வித்தாலை வாங்கினார்கள், இயந்திரத்தில் செருகினார்கள், டப்பா மேல் 'ஒரு நாளைக்கு 2' என்று பேனாவால் எழுதினார்கள், அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். கடைப் பெயர் வேண்டாம், கூட்டமான சனிக்கிழமை, அவர்களுக்கும் எத்தனை கை. ஆனால் காலை இரண்டு, இரவு இரண்டு என்று மாத்திரை போட்டுப் பழகிய ஒரு மனுஷியிடம் 'ஒரு நாளைக்கு 2' என்றால் அவர் காலை மாத்திரையோடு ஒன்று, இரவு மாத்திரையோடு ஒன்று என்றுதானே எடுத்துக்கொள்வார்? நல்லவேளை, இரத்தம் எடுக்க வீட்டுக்கு வரும் நர்ஸ் அம்மா அடுத்த நாளே டப்பாவைப் பார்த்து, எப்போது குடிக்கிறார் என்று கேட்டார், கேட்டதும் முகம் மாறிவிட்டது. இரத்த அழுத்த மாத்திரையும் தைராய்டு மாத்திரையும் பிசினோடு சேர்ந்து வீணாகப் போகும் என்று அவர்தான் முதலில் சொன்னார்.

அப்புறம் வேறு ஒரு ஃபார்மசிக்கு மாறினோம், சின்னக் கடை. அங்கிருந்த பெண் அத்தையின் மருந்துச்சீட்டு முழுவதையும் முன்னால் வைத்துக்கொண்டு ஒரு காகிதத்தில் நாளையே வரைந்து கொடுத்தார். காலை ஆறரைக்கு வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை. ஏழு மணிக்குச் சாப்பாட்டோடு மற்ற மாத்திரைகள். பதினொன்றுக்குத் தூள். மதியம் ஒரு மாத்திரை இருந்தது, அது எங்கே வைத்தாலும் இடித்தது, அவரே டாக்டருக்கு ஃபோன் செய்து அதைக் காலைக்கு மாற்றிவிட்டார். மாலை நாலுக்கு இரண்டாவது தூள். இரவு எட்டுக்கு மீதி மாத்திரைகள். இன்சுலின் ஊசி இந்தக் கணக்கிலேயே வராது, அது வயிற்றுக்குள் போவதில்லை, சாப்பாட்டு நேரத்துக்கு வழக்கம்போல. அந்தக் காகிதம் இன்னும் எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது. உங்கள் மருந்துகள் வேறாக இருக்கும், இந்த நேரங்களை அப்படியே எடுக்காதீர்கள், உங்கள் சீட்டை எடுத்துப்போய் இப்படி ஒன்று வரைந்து தரச் சொல்லுங்கள். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளையில் இரண்டு ஸ்பூன் போட வேண்டாம், தவறியது தவறியதுதான்.

வயிற்றெரிச்சலுக்கு மென்று சாப்பிடும் மாத்திரையும், பாட்டிலில் வரும் வெள்ளை மருந்தும் மருந்துதான். அலுமினியமோ மெக்னீசியமோ உள்ள அமிலமுறி மருந்துகள் இந்தத் தூளோடு சேர்ந்தால் இரத்தத்தின் காரத்தன்மை ஏறிவிடும், இடைவெளி விட்டாலும் அவற்றை டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். இதயத்துக்கு டிகாக்சின் சாப்பிடுகிறவர்கள் இன்னும் கவனம், பொட்டாசியம் தேவைக்கு மேல் இறங்கினால் டிகாக்சின் நஞ்சாகும்.

இரண்டாவது தொந்தரவு, மலச்சிக்கல். வீட்டில் வெளிப்படையாகப் பேசக் கூச்சப்படுவோம், ஆனால் இந்த மருந்தைப் பொறுத்தவரை தினமும் கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது. தூள் குடலிலேயே தங்கிக் கட்டியாகிவிட்டால் பொட்டாசியம் வெளியேறாதது மட்டுமில்லை, குடலே அடைத்துக்கொள்ளும். முன்னெல்லாம் இதற்காகவே மலத்தை இளக்கும் சார்பிட்டால் கலந்து கொடுப்பார்கள். அப்படிச் சேர்த்துக் கொடுத்தவர்களில் சிலருக்குக் குடல் திசுவே அழுகிப்போனது தெரியவந்ததால் இப்போது அந்தக் கலவை வேண்டாம் என்கிறார்கள். சார்பிட்டால் இல்லாமலும் அரிதாக அது நடக்கலாம். குடல் அடைப்பு உள்ளவர்கள், சமீபத்தில் வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்கள் இந்தத் தூளைக் குடிக்கக்கூடாது. கடும் வயிற்றுவலி, வயிறு உப்பிக் கல் மாதிரி ஆவது, மலத்தில் இரத்தம், இதில் எது வந்தாலும் அடுத்த ஸ்பூன் கிடையாது, உடனே டாக்டர்.

அத்தைக்கு மலமிளக்கியான மேக்ரோகோல் பாக்கெட் எழுதிக் கொடுத்தார்கள், இரவு மாத்திரைகளோடு. இதிலும் ஒரு கண்ணி: சில மேக்ரோகோல் பாக்கெட்டுகளில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள், சிலவற்றில் இல்லை. கடையில் அதைக் கேட்டு, இல்லாததை வாங்குங்கள்.

மூன்றாவது, சோடியம். 15 கிராம் தூளில் ஏறக்குறைய 1500 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு பெரியவருக்கு நாள் முழுவதற்கும் சொல்லும் வரம்பே 2000 மில்லிகிராம். எல்லாம் உடம்பில் சேர்ந்துவிடாது என்றாலும், இதய பலவீனமோ கால் வீக்கமோ உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. ஊறுகாயையும் கருவாட்டையும் பிடுங்கிக்கொண்ட பிறகு மருந்திலேயே உப்பு வருகிறது என்று தெரிந்தபோது அத்தைக்கு வந்த கோபம் நியாயமானதுதான். காலையில் எடை பார்த்துக் குறித்து வைக்கிறோம். செருப்பு இறுக்கமாகிறது, மூச்சு வாங்குகிறது, எடை திடீரென ஏறுகிறது என்றால் டாக்டருக்குச் சொல்ல வேண்டும்.

இரத்தப் பரிசோதனை இல்லாமல் இந்த மருந்தே இல்லை. பொட்டாசியம் 5-க்குக் கீழே வந்துவிட்டால் தூளைத் தொடரக்கூடாது, அதிகமாக இறங்கினாலும் இதயத் தாளம் கெடும். கூத்து என்னவென்றால், ஏறினாலும் கால் சோரும், இறங்கினாலும் கால் சோரும், உடம்பை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது. கால்சியம், மெக்னீசியமும் சேர்ந்து இறங்கலாம் என்பதால் அவற்றையும் பார்க்கிறார்கள். ஒருமுறை எண் தாறுமாறாக ஏறி வந்து வீட்டையே கலக்கிவிட்டது, பிறகு பார்த்தால் எடுத்த இரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்திருந்தனவாம், உள்ளே இருந்த பொட்டாசியம் கசிந்து பொய்யாக ஏற்றிக் காட்டியது. மறுபடி எடுத்ததில் சரியாக இருந்தது. இரத்தம் எடுக்கும்போது முஷ்டியைத் திரும்பத் திரும்ப மடக்கி விரிப்பதும், கையில் கட்டும் பட்டையை நெடுநேரம் இறுக்கி வைப்பதும்கூட எண்ணை ஏற்றிவிடும் என்று நர்ஸ் அம்மா சொன்னார்.

சாப்பாட்டைப் பற்றிப் பேசாமல் விட்டால் மருந்துக்கு அநியாயம். ஒரு பக்கம் தூள் குடித்து இறக்கி, மறுபக்கம் வாயால் ஏற்றினால் யார் என்ன செய்வது? இந்தத் தீவில் அதற்கான வசதிகள் ஏராளம். சோற்றுக்குப் பக்கத்தில் தினமும் 'பிரேத்' கீரைச்சாறு, முருங்கைக்கீரையோ சௌசௌ கொழுந்தோ, கொதிக்க வைத்த தண்ணீரோடு. பொட்டாசியம் இறங்குவது அந்தத் தண்ணீரில்தான், அதையே ஊற்றிச் சாப்பிட்டால் என்ன பயன்? கீரை, கிழங்கு எதுவானாலும் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்துக் கொட்டிவிட்டுச் சமைக்கிறோம். ருசி போகிறதுதான், பூண்டும் இஞ்சியும் தாளித்துச் சமாளிக்கிறோம். பருப்பு அளவோடு, இந்தத் தீவின் பேர்போன சிலாவோஸ் ஊர்ப் பருப்பானாலும் சரி. இளநீர் கிடையாது. கோயிலில் பஞ்சாமிர்தம் என்றால் நாக்கில் ஒரு துளி, அதில் வாழைப்பழம், பேரீச்சை, உலர்திராட்சை என்று எல்லாமே பொட்டாசியப் பொதி. காவடி நேரத்தில் இதை அத்தைக்குப் புரியவைக்க என் கணவர் படாதபாடு பட்டார், கடைசியில் குருக்களே சொன்ன பிறகுதான் கேட்டார்.

ஒரு பழம் மட்டும் அளவோடுகூடக் கூடாது: கரம்போல், நம் ஊர் நட்சத்திரப் பழம். இங்கே வீட்டுக்கு வீடு மரம், பக்கத்து வீட்டில் கூடையாகக் கொடுத்துவிடுவார்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அதில் பொட்டாசியத்தைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது, அதிலுள்ள நஞ்சு வெளியேறாமல் மூளையைத் தாக்கும், நிற்காத விக்கல், குழப்பம், வலிப்பு என்று போய் உயிருக்கே உலை வைக்கும். ஜூஸும் வேண்டாம், ஊறுகாயும் வேண்டாம். அதேபோல் மூலிகைக் கஷாயம் விற்கும் கடைகள் சந்தையில் உண்டு, 'சிறுநீரகத்தைச் சுத்தம் செய்யும்' என்று சொல்லித் தருவார்கள். டாக்டரைக் கேட்காமல் ஒரு மடக்குகூட வேண்டாம்.

வேறு மருந்து இல்லையா என்றால் இருக்கிறது. இதே பிசின் சோடியத்துக்குப் பதில் கால்சியத்தோடு வருகிறது, வீக்கம் உள்ளவர்களுக்கு அது தேவலாம், ஆனால் இரத்தத்தில் கால்சியம் ஏற்கெனவே அதிகமுள்ளவர்களுக்கு ஆகாது. 2015-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பாட்டிரோமர், வெல்டாசா என்ற பெயரில் வருவது, நாளுக்கு ஒருமுறை குடித்தால் போதும், ஆனால் அதற்கும் 3 மணி நேர இடைவெளி உண்டு, மெக்னீசியம் இறங்கும், ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். 2018-இல் வந்த லோகெல்மா, அதாவது சோடியம் சிர்கோனியம் சைக்ளோசிலிகேட், ஒரு மணி நேரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும், சுவையும் கிடையாது, எல்லா மாத்திரைகளோடும் சண்டை போடாது, வயிற்றின் அமிலத்தைப் பொறுத்துக் கரையும் சில மருந்துகளுக்கு மட்டும் 2 மணி நேரம் தள்ளினால் போதும். அதிலும் சோடியம் இருக்கிறது, கால் வீங்கலாம். என்னைக் கேட்டால், கடிகாரத் தொல்லை தாங்காதவர்கள் டாக்டரிடம் கேட்டுப் பார்க்க வேண்டியது இதைத்தான். அத்தைக்குப் பிசினே போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், எண்ணும் 5-க்குப் பக்கத்திலேயே நிற்பதால் நாங்களும் வற்புறுத்தவில்லை.

செலவு பற்றி: கடுமையான நாள்பட்ட சிறுநீரக நோய் இங்கே அரசு மருத்துவக் காப்பீட்டின் நீண்டகால நோய்ப் பட்டியலில் 19-ஆம் எண், அதற்கு 100 சதவீதக் காப்பீடு உண்டு. குடும்ப டாக்டர்தான் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும், கேட்டு எழுதி வாங்குங்கள், கேட்காமல் விட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

இந்தத் தூளுக்கு நான் மனதாரக் கொடுக்கும் அரை மார்க், ஃப்ரிட்ஜ் தேவைப்படாததற்கு. 2025 பிப்ரவரி 28-இல் கரான்ஸ் புயல் தீவை அடித்தபோது கரண்டும் போய், குழாயில் தண்ணீரும் நின்றது, சிவப்பு எச்சரிக்கை என்றால் வெளியே கால் வைக்கக்கூடாது, ஃபார்மசியும் திறக்காது. ஃப்ரிட்ஜில் வைக்கும் மருந்துக்காரர்கள் ஐஸ் தேடிக்கொண்டிருக்க, எங்கள் டப்பா அலமாரியில் பேசாமல் இருந்தது. புயல் பருவம் தொடங்கும் நவம்பர் பிறந்தாலே டப்பாவில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துவிடுவோம், கூடவே இரண்டு பாட்டில் தண்ணீர் மருந்துக்கென்று தனியாக.

காரைக்காலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டப்பாவை வேறு பாட்டிலுக்கு மாற்றாமல் அப்படியே, மருந்துச்சீட்டின் நகலோடு எடுத்துப் போங்கள், வெள்ளைப் பொடியோ பழுப்புப் பொடியோ, விமான நிலையத்தில் விளக்கம் சொல்ல வேண்டிவரும். இந்திய நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால், எல்லா மருந்தையும் சேர்த்து ஒரே அளவு நகர்த்தினால் இடைவெளி கெடாது, தூளை மட்டும் பழைய நேரத்தில் விட்டுவிடாதீர்கள். அங்கே மருந்துக்கடையில் பொட்டாசியம் இறக்கும் தூள் என்று கேட்டால் பெரும்பாலும் 15 கிராம் பாக்கெட்டில் கால்சியம் வகையைத்தான் எடுத்துத் தருவார்கள். அது வேறு மருந்து, இங்குள்ள டாக்டரிடம் கேட்காமல் இதற்குப் பதில் அதைக் குடிக்க வேண்டாம், போகிற நாளுக்குப் போதுமான அளவை இங்கேயே முன்கூட்டி வாங்கிவிடுங்கள்.